ஓட்டுநர் பக்கத்துத் தரை

பென்ரித்
24 பிப்ரவரி 1985, ஞாயிறு

லென்னுக்கு,

செம்புச் சுத்தியலைக் காணோம். கொட்டகையில் நீ விட்டுப்போன பெட்டிகளை எல்லாம் கவிழ்த்துப் பார்த்துவிட்டேன். துருப்பிடித்த ஆணி மூன்று டப்பா இருக்கிறது, பாதி குடித்த பீர் பாட்டில்கூட இருக்கிறது, சுத்தியல் இல்லை. அது இல்லாமல் பச்சை வண்டியின் சக்கரத்தைக் கழற்ற முடியாது. இரும்புச் சுத்தியலால் அடித்தால் சக்கரத்து நடுத் திருகின் காது சிதைந்துபோகும் என்று இருபது வருஷம் எனக்குப் பாடம் எடுத்தவன் நீ. எடுத்துக்கொண்டு போயிருந்தால் அனுப்பிவை. வண்டி எனக்கு, கேரவன் உனக்கு என்று வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டோம். சுத்தியல் வண்டியைச் சேர்ந்தது.

ஏப்ரலில் வண்டிக்கு வருடத் தகுதிச் சோதனை. இந்த முறை எல்லா வேலையையும் நானே செய்யப் போகிறேன். சிரிக்காதே. செவ்வாய்க்கிழமை மாலை தொழிற்கல்லூரியில் பெண்களுக்கு மோட்டார் வகுப்பு நடக்கிறது. ஒன்பது பேர் இருக்கிறோம். ஆர்னால்ட் என்று ஒரு வாத்தியார். எல்லாவற்றையும் இரண்டு தடவை சொல்வார், ஆனால் கேள்வி கேட்டால் கோபப்படமாட்டார். உன்னிடம் கற்றுக்கொண்டிருந்தால் நான் இன்றைக்கும் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். போன வாரம் முன்சக்கர பிரேக்கைப் பிரித்து மறுபடி பூட்டினேன். கையில் ஒரு உதிரியும் மிஞ்சவில்லை.

ஹேசல் நன்றாக இருக்கிறாள். ஹோட்டலில் அவளை வரவேற்பு மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். கார் ஓட்டும் தேர்விலும் தேறிவிட்டாள். பத்தொன்பது வயதில் இரண்டே இருக்கை உள்ள, கூரையை மடக்கித் திறக்கும் வண்டி வீட்டு வாசலில் நின்றால் சும்மா இருப்பாளா, தினமும் சாவி கேட்கிறாள்.

தொலைபேசியில் கூப்பிடாதே. குரலைக் கேட்டால் நாம் இருவரும் என்ன ஆவோம் என்று தெரியும். எழுது.

தெல்மா


வடகடல் எண்ணெய் மேடை
அபர்டீன் வழியாக
5 மார்ச்

தெல்மா,

சுத்தியல் என் கருவிப் பையில்தான் இருந்தது. வேண்டுமென்று எடுத்து வரவில்லை. அடுத்த ஹெலிகாப்டரில் போகும் ஆள் ஒருவனிடம் கொடுத்துவிடுகிறேன், கரையில் தபாலில் சேர்த்துவிடுவான். நான்கு நாளாக மூடுபனி. தபாலும் வரவில்லை, ஆளும் வரவில்லை, முட்டையும் தீர்ந்துபோய்விட்டது.

நீ வகுப்புக்குப் போவது நல்லதுதான். நான் சிரிக்கவில்லை.

ஆனால் தெல்மா, அந்த வண்டிக்கு வயதாகிவிட்டது. பள்ளிக்கூடச் சமையல் வேலைக்கு மலை ஏறி இறங்கிப் போக அது சரிப்படாது. உப்புத் தூவிய ரோடு இரும்பைத் தின்றுவிடும். இந்த வருஷம் சோதனைக்கே கொண்டுபோகாமல் கொட்டகையில் நிறுத்திவிட்டால் என்ன? ஜூனில் எனக்கு நீண்ட விடுப்பு வருகிறது. அண்ணன் ஸ்டானின் பட்டறைக்கு ஓட்டிப்போய் இரண்டு வாரத்தில் அடியெல்லாம் பார்த்துத் தந்துவிடுகிறேன். நீ வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறேன், என் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை.

அதுவரை பேருந்தில் போ. ஹேசலிடம் சாவி கொடுக்காதே. மழையில் பின்பக்கம் வழுக்கும்.

இங்கே வேலை நடக்கிறது. நான் போடும் ஒவ்வொரு வெல்டையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த வருஷம் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

லென்


பென்ரித்
16 ஏப்ரல், செவ்வாய்

லென்,

சுத்தியல் வந்தது. நன்றி. அறிவுரையும் வந்தது, அதற்கு நன்றி இல்லை.

உன் அண்ணன் பட்டறைக்கு நீ ஓட்டிப்போவாயாம், நான் இல்லாத நேரம் பார்த்து. திருடன்கூட இவ்வளவு மரியாதையாகக் கடிதம் எழுதிவிட்டு வரமாட்டான். வண்டி போனால் திரும்பி வராது என்று எனக்குத் தெரியாதா? 'இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு' என்று நீ ஐந்து வருஷம் சமையலறை அலமாரிக்குக் கதவு போட்ட கதை எனக்கு மறக்கவில்லை.

நேற்று சோதனை நடந்தது. வகுப்பில் இருந்து இரண்டு பெண்கள் துணைக்கு வந்தார்கள். ஃபாசெட்டுதான் சோதகர், போன வருஷம் பார்த்த அதே மனிதர். எங்களை எல்லாம் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்யாண ஊர்வலமா?" என்றார். பிறகு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போனார். தட்டிக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம். வெளியே வந்து தாளை நீட்டினார். தேறவில்லை.

மூன்று குறைகள். முன்விளக்கு ஒன்று மேலே பார்க்கிறது. பின் பிரேக் இடதும் வலதும் ஒரே அளவில் பிடிக்கவில்லை. முன்சக்கர மூட்டு ஒன்றில் ஆட்டம் இருக்கிறது. அவ்வளவுதான். பதினான்கு நாளுக்குள் சரிசெய்து கொண்டுவந்தால் மறுபடி பார்ப்பார். ஹேசல் தாளைப் பார்த்துவிட்டு, "அம்மா, இருபது வயசு வண்டிக்கு மூணு குறைதானா? உனக்கே இதைவிட அதிகமா இருக்கு" என்றாள்.

நான் அழவில்லை. வகுப்புக்கு இன்றைக்குத் தாளை எடுத்துக்கொண்டு போகிறேன்.

தெல்மா


மேடை
20 ஏப்ரல்

தெல்மா,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன்.

தாளில் மூன்றுதான் இருந்ததா? பின்பக்கமும் எழுதியிருப்பார்கள், திருப்பிப் பார். சில பேர் ஓரத்தில் பென்சிலால் குறித்து வைப்பார்கள். தரையைப் பற்றி, கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியைப் பற்றி ஏதாவது? ஃபாசெட் அந்த இடத்தில் எவ்வளவு நேரம் நின்றார் என்று ஞாபகம் இருக்கிறதா? இதை ஏன் கேட்கிறேன் என்று யோசிக்காதே. பழைய வண்டி, அதனால் கேட்கிறேன்.

இன்னொன்று. கேரவனை நீ எடுத்துக்கொள். போன வருஷம்தான் புது டயர் போட்டேன், அடுப்பு நன்றாக இருக்கிறது, நீயும் ஹேசலும் கடற்கரைக்குப் போகலாம். வண்டியை எனக்குக் கொடு. வக்கீலுக்கு நான் எழுதிக்கொள்கிறேன். உனக்கு இதில் நஷ்டம் இல்லை.

யோசித்துச் சொல், ஆனால் சீக்கிரம் சொல். மறுசோதனைக்கு முன்னால் சொல்.

இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. கீழே கடல் கொந்தளிக்கிறது, அதனால்தான்.

லென்


பென்ரித்
27 ஏப்ரல், சனி

லென்,

தேறிவிட்டது.

நேற்று காலை பத்தரை மணிக்கு. சான்றிதழை அடுப்புக்கு மேலே குத்தி வைத்திருக்கிறேன், ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை. விளக்கை நானே சுவரில் கோடு போட்டுச் சரிசெய்தேன். பின் பிரேக்கில் ஒரு பக்கம் எண்ணெய் கசிந்திருந்தது, மாற்றினேன். மூட்டை மாற்ற மட்டும் ஆர்னால்ட் வந்து ஒரு கை பிடித்தார். அடியில் படுத்துப் பழைய அழுக்கை எல்லாம் சுரண்டிவிட்டுக் கறுப்புத் தார்ப் பூச்சு இரண்டு கை பூசினேன். ஒரு பூச்சே போதும் என்றுதான் ஆர்னால்ட் சொன்னார். ஃபாசெட் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சுத்தமா ஒரு வண்டி இந்த வருஷம் என்கிட்ட வரலம்மா" என்றார். தலைமுடியில் ஒட்டிய தார் இன்னும் போகவில்லை. பள்ளியில் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கேரவன் வேண்டாம். தாளின் பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. இருபது வருஷம் என்னிடம் ஒரு கேள்வி கேட்காத ஆள் ஒரே கடிதத்தில் மூன்று கேள்வி கேட்கிறாய். நான் தேறிவிட்டேன் என்பது உனக்கு உறுத்துகிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஹேசலுக்குச் சாவி தரவில்லை. நீ சொன்னதற்காக அல்ல. கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். நாலு நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

தெல்மா


மேடை
1 மே

தெல்மா,

நேற்று மாலை தொலைபேசியில் கூப்பிட்டது நான்தான். இங்கே வரிசையில் நின்றால் ஒருவருக்கு மூன்று நிமிஷம். நான் 'தெல்மா' என்றதும் நீ வைத்துவிட்டாய். எனக்குப் பின்னால் பதினோரு பேர் நின்றார்கள். மறுபடி வரிசையில் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், நீ வைத்ததும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி படுக்கைக்குப் போகும்வரைகூட இருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் உட்கார்ந்துகொள். வண்டியை ஓட்டாதே. ஒரு தெரு தள்ளி இருக்கும் கடைக்குக்கூட ஓட்டாதே.

போன வருஷம் சோதனைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, ஓட்டுநர் பக்கத்துக் கம்பளத்தைத் தூக்கித் தரையைத் திருப்புளியால் குத்திப் பார்த்தேன். பிடிவரை உள்ளே போனது. கதவுக்குக் கீழே ஓடும் தகரப் பெட்டியும் தரையும் சேரும் இடம், சீட் பெல்ட்டின் போல்ட்டு இறங்கியிருக்கும் இடம், ஒரு முழ நீளத்துக்கு இரும்பே இல்லை. துருவும் பெயின்ட்டும் மட்டும் நின்றுகொண்டிருந்தது. வெட்டி எடுத்துவிட்டு இரண்டு பிளேட் வைத்து வெல்டு செய்ய வேண்டும். எனக்கு அது ஒரு நாள் வேலை. வெல்டிங் செட்டு ஸ்டானிடம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமைதான் சமையலறையில் நீ என்னைப் 'போயிடு' என்று சொன்னது. வண்டியும் தேறவில்லை என்று உன் முன்னால் வந்து நிற்க என்னால் முடியவில்லை. உன்னிடம் என்னைப் பற்றி இன்னொரு குறை சேரக் கூடாது என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ உன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாய். செய்தித்தாளைக் கசக்கி ஓட்டைக்குள் திணித்தேன். மேலே பட்டி போட்டு மெழுகினேன். அதன்மேல் பிஸ்கட் டின் மூடியை வெட்டி வைத்து ரிவெட் அடித்து, தாரைப் பூசி, உள்ளே கம்பளத்தைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். சோதகருக்கு எதையும் கழற்றிப் பார்க்க அனுமதி கிடையாது. தட்டினால் இரும்புபோல ஒலிக்கும். ஒலித்தது. கோடையில் சரியாகச் செய்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கோடைக்குள் நான் அந்த வீட்டிலேயே இல்லை.

வக்கீல் முன்னால் நீ என்னிடம் கேட்டாய். 'வண்டி நல்லா இருக்கா லென்?' என்று நேராகவே கேட்டாய். இரும்பு மாதிரி இருக்கிறது என்று சொன்னேன். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது?

இந்த வருஷம் ஃபாசெட் கண்டுபிடித்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் தாளில் எழுதிவிட்டால் நான் வாய் திறக்க வேண்டியதில்லை. முதல் தாளில் அது இல்லை என்று நீ எழுதியதும்தான் கேரவனைத் தருகிறேன் என்று எழுதினேன். 'தேறிவிட்டது' என்ற உன் கடிதம் நேற்றுப் பகல் வந்தது. அதைவிடப் பயங்கரமான ஒரு கடிதத்தை நான் படித்ததில்லை. நீ பூசிய இரண்டு பூச்சும் என் வேலைக்கு மேலேதான் விழுந்திருக்கிறது.

வண்டி சும்மா ஓடும்போது ஒன்றும் தெரியாது. வேகமாகப் போய் எதிலாவது முட்டினால் பெல்ட் உன்னைப் பிடிக்காது. போல்ட்டோடு சேர்ந்து பிய்த்துக்கொண்டு வரும். பதின்மூன்று மாதமாக நீ தினமும் அந்த இருக்கையில் உட்கார்ந்து மலை இறங்குகிறாய். நான் இங்கே ஒவ்வொரு முறை கண்ணை மூடும்போதும் அந்தத் திருப்பத்தில் எதிரே ஒரு பால் லாரி வருகிறது.

இங்கே என் வேலையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றால் சொல். ஃபாசெட்டிடம் சொல், வக்கீலிடம் சொல். ஹேசலிடம் மட்டும் நான் சொல்கிறேன். எட்டாம் தேதி கரைக்கு வருகிறேன்.

லென்


பென்ரித்
8 மே, புதன், மாலை நாலு மணி

லென்,

சும்மா உட்கார முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். தொலைபேசி முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

மூன்றரைக்கு வேலையிலிருந்து வந்தேன். இரண்டு நாளாகப் பேருந்தில்தான் போகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். வாசலில் வண்டி இல்லை. மிதியடியில் உன் கடிதம் கிடந்தது. மேசையில் ஹேசல் எழுதி வைத்த சீட்டு: 'அம்மா, திட்டாதே. அப்பா இன்னிக்கு கரைக்கு வராருன்னு எனக்கு எழுதியிருந்தாரு. நீ செஞ்ச வேலைய அவருக்குக் காட்டணும். பாத்தா ரெண்டு பேரும் பேசுவீங்க. வெள்ளிக்கிழமை வந்துடுவேன். சாவி சர்க்கரை டப்பாவுல இருக்குன்னு எனக்கு எப்பவோ தெரியும்.'

சீட்டில் போட்டிருக்கும் நேரப்படி காலை ஒன்பதுக்குக் கிளம்பியிருக்கிறாள். அபர்டீனுக்கு இருநூற்றைம்பது மைல் இருக்கும். உன் கம்பெனி அலுவலகத்துக்குப் பேசினேன். ஹெலிகாப்டர் இறங்கியதும் உன்னிடம் சொல்வதாகச் சொன்னார்கள். பிறகு போலீசுக்குப் பேசினேன். அந்தக் கான்ஸ்டபிளுக்கு ஹேசல் வயதுதான் இருக்கும்.

"என்ன வண்டிம்மா, திருடு போச்சா?"

"இல்லை. என் மகதான் ஓட்டிட்டுப் போறா. நிறுத்தணும்."

"குடிச்சிருக்காங்களா?"

"இல்லை."

"வண்டிக்குத் தகுதிச் சான்றிதழ் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு வாரம்தான் ஆச்சு."

"சோதனைல தேறின வண்டிய எதுக்கும்மா நிறுத்தணும்?"

அப்போது சொன்னேன். முகம் தெரியாத ஒரு பையனிடம் சொன்னேன், வழியில் கண்ணில் பட்டால் நிறுத்தச் சொல்வதாகச் சொன்னான். உன்னிடமும் சொல்கிறேன், சொல்லாமல் இந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மாட்டேன்.

உன் கடிதம் எனக்குப் புதுச் செய்தி எதையும் சொல்லவில்லை, லென். மறுசோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்துப் பழைய தாரைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் பக்கத்தில் தகரம் விளிம்பில் பெயர்ந்திருந்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினேன். உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது நகத்தில் நனைந்த காகிதம் ஒட்டியிருந்தது, கால்பந்து முடிவுகள். உன் வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பிஸ்கட் டின்னைக்கூட அடையாளம் தெரிந்தது, கிறிஸ்துமஸுக்கு என் தங்கை கொடுத்தது.

அப்படியே படுத்திருந்தேன். வெளியே சொன்னால் வண்டி தோற்கும். வெல்டு போட இந்த ஊரில் யாரிடம் கேட்டாலும் உனக்குச் செய்தி வந்துவிடும். 'என்ன தெல்மா, கடைசியில் என்கிட்டதானே வந்தே' என்று நீ சொல்வாய். சொல்லாவிட்டாலும் நினைப்பாய். ஆர்னால்ட் முன்னால், அந்த எட்டுப் பெண்கள் முன்னால் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன். தகரத்தைத் திரும்ப அழுத்தி வைத்து, மேலே தாரை அப்பினேன். இரண்டாவது பூச்சு எதற்கு என்று நினைக்கிறாய்? மெதுவாக ஓட்டிக்கொள்ளலாம், நான் மட்டும் ஓட்டிக்கொள்ளலாம், கோடையில் தூர ஊரில் எங்காவது கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தேன். நீயும் கோடை என்றுதான் எழுதியிருக்கிறாய். திங்கட்கிழமை மலைத் திருப்பத்தில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சாவியைச் சர்க்கரை டப்பாவில் ஒளித்து வைத்தேன். அவளிடம் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐந்தே கால். தொலைபேசி அடிக்கவில்லை.

ஆறு. இரண்டு தடவை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன், லைன் இருக்கிறது. அவள் தலைமுடியைக் கட்டாமல் போயிருப்பாள், கூரையைத் திறந்து வைத்திருப்பாள், பாட்டுப் பாடிக்கொண்டு போவாள். எனக்குப் பயமாக இருக்கிறது, லென். இவ்வளவு பயத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஏழு. ஒன்றும் இல்லை.


அபர்டீன்
9 மே, வியாழன்

தெல்மா,

நேற்றுத் தொலைபேசியில் 'வந்துட்டா' என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. நீ 'சரி' என்றாய். பிறகு நீ அழுதது கேட்டது. அதோடு வைத்துவிட்டோம். மீதியை எழுதுகிறேன்.

ஹெலிகாப்டர் இறங்கியதும் ஒரு ஆள் ஓடிவந்து நீ சொன்ன செய்தியை எழுதிய சீட்டைக் கொடுத்தான். நாலே முக்காலிலிருந்து நான் தங்கியிருக்கும் தெருவின் முனையில் நின்றேன். பச்சையாக எது வந்தாலும் ரோட்டில் இறங்கிப் பார்த்தேன். ஒரு ஆம்புலன்ஸ் போனது. அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் கொஞ்ச தூரம் ஓடினேன், எதற்கென்று தெரியாது.

வழியெல்லாம் நிறுத்தி வேடிக்கை பார்த்துவிட்டு ஏழரைக்கு வந்தாள். ஹாரனை அடித்துக்கொண்டு வந்தாள். மூக்கெல்லாம் வெயில் பட்டுச் சிவந்திருந்தது. நான் கதவைத் திறந்து அவளைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். "என்னப்பா, நெருப்பா பிடிச்சிருக்கு?" என்றாள்.

அவளே சொன்னாள். பெர்த் தாண்டி ஒரு லாரி திடீரென்று நின்றிருக்கிறது. பிரேக்கை அழுத்தி நிறுத்திவிட்டாள். உன் பிரேக், தெல்மா. நேராக, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடித்தது, லாரிக்கும் வண்டிக்கும் ஒரு கை அளவுதான் இடம் இருந்தது என்றாள். அப்போது கீழே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டதாம். அதற்குப் பிறகு பெல்ட் தொளதொள என்று ஆகிவிட்டது. பக்கிள் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து முடிச்சுப் போட்டுக்கொண்டு எண்பது மைல் ஓட்டியிருக்கிறாள்.

நான் குனிந்து பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன். இரண்டு விரலால்தான் இழுத்தேன். போல்ட்டு, வளையம், பட்டி, டின் துண்டு எல்லாம் கையோடு வந்துவிட்டது. கம்பளத்துக்குக் கீழே தார்ச்சாலை தெரிந்தது. ஹேசல் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னப்பா அது, பேப்பரா?"

"ஆமா."

"யாரு வச்சது?"

"நான்."

டின் துண்டை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது, போன வாரம்தான் அம்மாவுக்கு எழுதினேன், அது இன்றைக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்றேன். தெருவோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டாள். நான் தேநீர் வாங்கி வந்து கொடுத்தேன், குடிக்கவில்லை.

வண்டியை இங்கேயே நிறுத்திவிட்டேன். சக்கரத்தைக் கழற்றிக் கட்டையில் ஏற்றியிருக்கிறேன், யாரும் ஓட்ட முடியாது. நாளைக் காலை ரயிலில் அவளை அனுப்புகிறேன். என்னைப் பற்றி அவள் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதே. உன்மேல் ஒரு தப்பும் இல்லை, அதை அவளிடம் தெளிவாகச் சொல்லியிருக்கிறேன்.

லென்


பென்ரித்
13 மே, திங்கள்

லென்,

புதன்கிழமை நான் எழுதியதை இதற்குள் படித்திருப்பாய். நீ அவளிடம் சொல்லியனுப்பியது எவ்வளவு தப்பு என்று உனக்கு இப்போது தெரியும். உன்னைக் குறை சொல்லவில்லை. உனக்குத் தெரிந்ததைச் சொன்னாய்.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்குப் போனேன். இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டாள். "பாவம்மா நீ, ஒண்ணுமே தெரியாம வருஷம் பூரா அதுல போயிட்டு வந்திருக்க" என்றாள். வீட்டுக்கு வந்ததும் என்னை உட்காரவைத்து அவளே முட்டை பொரித்தாள். உன்னோடு இனிமேல் பேசப்போவதில்லை என்றாள். எனக்காகக் கோபப்பட்டாள், லென். எத்தனை வருஷமாக நான் கேட்டுக் கிடைக்காதது அது. தட்டு முன்னால் இருந்தது. வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் போதும், உலகத்தில் உன்னையும் அந்தக் கான்ஸ்டபிளையும் தவிர யாருக்கும் தெரிந்திருக்காது.

சொல்லிவிட்டேன். கட்டை விரல், கால்பந்துக் காகிதம், இரண்டாவது பூச்சு, சர்க்கரை டப்பா, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவள் கையில் முட்டைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் செத்துப்போயிருந்தாகூட, யாரு முதல்ல சொல்றதுன்னு நீங்க ரெண்டு பேரும் என் பொணத்துக்கு ரெண்டு பக்கமும் நின்னுட்டு இருந்திருப்பீங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு மேலே போய்விட்டாள். மூன்று நாளாக வேலைக்குப் போகிறாள், வருகிறாள், நான் வைத்ததைச் சாப்பிடுகிறாள். என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை சான்றிதழை எடுத்துக்கொண்டு ஃபாசெட்டிடம் போனேன். மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவர் சான்றிதழைத் தொடவே இல்லை. இரண்டு தடவை சுத்தியலால் தட்டியதாகவும் இரண்டு தடவையும் நன்றாகவே ஒலித்ததாகவும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டியைப் பற்றி எனக்கு எழுதாதே. அவள் சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. உன்னிடம் இருந்தால் அதை எனக்கு எழுதாமல் நேரே அவளுக்கு எழுது.

தெல்மா